டீ நேரத்து நாடகம்

மனிதர்களுக்கு எட்டு வகை அறிவு உண்டு என்று எங்கள் டீச்சர் ஏழாம் வகுப்பில் சொன்னபோது, அந்த எட்டும் எனக்கு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. டீச்சர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். அங்கே கொடுத்த பெரிய சார்ட்டைக் கரும்பலகையில் ஒட்டி ஒவ்வொன்றாக விளக்கினார். மொழி அறிவு, கணக்கு அறிவு, இட அறிவு, இசை அறிவு, உடல் அறிவு, பிறரை அறியும் அறிவு, தன்னை அறியும் அறிவு, இயற்கை அறிவு. ஒவ்வொன்றுக்கும் நான் மனதுக்குள் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தேன். தன்னை அறியும் அறிவு வந்தபோதும் தயங்காமல் போட்டேன்.

வீட்டில் இருப்பவர்களின் பெயரை வரிசையாக எழுதி, யாருக்கு எந்த அறிவு இருக்கிறது என்று கட்டம் போட்டு நிரப்பிவரச் சொன்னார். எனக்கு எட்டு. அம்மாவுக்கு நான்கு. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்ததால் கணக்கும் இடமும் உடலும் சேர்த்து மூன்று. சித்தியின் வரிசைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு எட்டுக் கட்டத்தையும் காலியாகவே விட்டேன். நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தேன்.

சித்தி அம்மாவின் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றுவிட்டு, திருப்பூர் வேலம்பாளையத்தில் இருந்த எங்களோடு வந்து சேர்ந்தவள். எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்காது. பஸ் போர்டை வாசிப்பதற்குள் பஸ் போய்விடும். ஒரு தடவை அவிநாசிக் கோயிலுக்கு என்று கிளம்பியவள் குன்னத்தூரில் போய் இறங்கி, வந்தது வந்தோம் என்று சந்தையில் ஒரு கூடைத் தக்காளி வாங்கிக்கொண்டு திரும்பினாள். எங்கள் வீட்டில் அவளை மக்கு என்று சொல்வதை யாரும் திட்டாக நினைக்கவில்லை. அது கூப்பிடுகிற பெயர் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

நாங்கள் இருந்தது ஒரு லைன் வீட்டில். முன்னால் ஓனர் வீடு, நடுவில் தகரக் கூரை போட்ட அவருடைய சின்னக் கம்பெனி, பின்னால் வரிசையாக ஐந்து வாடகை வீடுகள். மூன்றாவது எங்களுடையது. பெரிய கம்பெனிகளிலிருந்து வெட்டிய துணி வரும், பன்னிரண்டு மெஷினில் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சித்திக்கு அங்கேதான் செக்கிங் வேலை. தைத்து வரும் டீ சர்ட்டில் நூல் வெட்டி, பழுது பார்த்து, அளவு வாரியாக அடுக்க வேண்டும். திருப்பூரில் வேலைக்கா பஞ்சம். ஆனால் ஊரில் இருந்த பெரிய மாமா, அக்கா வீட்டு வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அவளை அனுப்பியிருந்தார். அந்த நிபந்தனைக்கு உட்பட்ட கம்பெனி உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அந்த வேலைதான் போயிருந்தது. எம் சைஸ் சட்டைகளை எல் சைஸ் பெட்டியில் கலந்துவிட்டாள், பெரிய கம்பெனியிலிருந்து நாலு பெட்டி திரும்பி வந்துவிட்டது, அதனால் நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று சாயங்காலம் சித்தி அம்மாவிடம் என்னவோ சொல்ல ஆரம்பித்தது மட்டும் காதில் விழுந்தது.

"நான் எம்முலதான்க்கா போட்டேன். அவருதான் லேபிளப் பாத்துட்டு எடுத்து எல்லுல..."

"வாய மூடுட்டி," என்றாள் அம்மா. "வீடு அவங்களுது. அவங்க மச்சினன் மேலயே குத்தம் சொல்லிட்டு நாம இங்க குடியிருக்க முடியுமா?"

மச்சினன் என்றது ஓனரின் மனைவிக்குத் தம்பி. அவர்தான் கம்பெனியில் சூப்பர்வைசர். ஓனர் துணி எடுக்கவும் பாக்கி வாங்கவும் ஓடிக்கொண்டே இருப்பார், உள்ளே எல்லாம் மச்சினன்தான். பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். பேசி முடித்ததும் "வெளங்குச்சா, வெளங்குச்சா" என்று இரண்டு முறை கேட்பார். சித்தி சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் நானும் பேனா சரியில்லை என்றுதான் சொல்வேன்.

செய்தி கேட்டு மாமா போன் பண்ணினார். புரட்டாசி முடியட்டும், ஐப்பசி பிறந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். ஊரில் மனைவியை இழந்த ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். அவருக்குப் பேசி முடித்துவிடலாம் என்பது மாமாவின் எண்ணம். போனை வைத்த பிறகு சித்தி நீண்ட நேரம் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டதே மொத்தம் நாலு தட்டில்தான்.

இந்தச் சமயத்தில்தான் டீச்சர் ஒலி நாடகம் கேட்டார். காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது ஆளுக்கொன்று போனில் பதிவு செய்து கொண்டுவர வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு கதாபாத்திரம், அதற்கு எட்டு அறிவும் இருக்க வேண்டும், படம் இல்லாமல் குரலிலும் சத்தத்திலும் அது தெரிய வேண்டும். சிறந்த நாடகத்துக்குப் பரிசு கொடுத்து, அதை எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் ஒலிபரப்புவார்களாம். அப்பா அந்த வருடம்தான் முதன்முதலாக டச் போன் வாங்கியிருந்தார். விடுமுறை முழுக்க அதை வீட்டில் விட்டுப் போகச் சம்மதித்தார் என்றால் என் படிப்பின் மேல் அவருக்கு இருந்த மரியாதையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டே நாளில் எழுதி முடித்தேன். நாயகி பெயர் நிறைமதி. முதல் காட்சியில் பாடுவாள். இரண்டாவதில் ஒரு வியாபாரியின் கணக்கைத் தீர்ப்பாள். பிறகு வழி தவறிய குழந்தைக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பாள், மரம் ஏறுவாள், குழாயடியில் சண்டை போடும் இரண்டு பெண்களைச் சமாதானம் செய்வாள், குரலை வைத்தே பறவையின் பெயர் சொல்வாள். தனியாக உட்கார்ந்து தன் குறைகளைத் தானே ஆராய்கிற காட்சி ஒன்றும் உண்டு. குறை எதுவும் அகப்படாததால் அது கொஞ்சம் சின்னதாக அமைந்தது.

அறிவாளி என்றால் பக்கத்தில் ஒரு முட்டாள் வேண்டும், இல்லாவிட்டால் எடுபடாது. அதற்காக மக்குமணி என்று ஒருத்தியை வைத்தேன். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவளுக்குக் கதை தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை, பக்கத்துப் பாயிலேயே கிடைத்தது. அவிநாசி பஸ் என்று குன்னத்தூர் பஸ்ஸில் ஏறியது, எம்மும் எல்லும் கலந்தது, எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். சூப்பர்வைசர் எல் போட்ட லேபிளைக் காட்டி "இது என்ன எழுத்து?" என்று கேட்பார். மக்குமணி, "மம்பட்டியத் தலைகீழா நிறுத்தி வச்சமாரி இருக்குங்க" என்பாள். எனக்கே அது ரொம்பப் பிடித்திருந்தது.

எழுதியதைச் சித்தியிடம்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்பதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். அவளுக்குப் புரியாது என்று நினைத்தேன். பஸ் காட்சியில் சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். சைஸ் காட்சியில் சிரிப்பு நின்றுவிட்டது. நூல் சுற்றின கோனைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இத இன்னொருக்கா வாசிட்டி," என்றாள்.

வாசித்தேன்.

"மக்குமணிய நான் பண்ணுதேன். அந்த சூப்பர்வைசரையும் நானே பண்ணுதேன்."

நடிப்பதாகச் சொல்லியிருந்த இரண்டு தோழிகளும் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டதால் எனக்கும் வேறு ஆள் இல்லை. நிறைமதி நான், மற்ற எல்லாரும் சித்தி என்று முடிவாயிற்று. காகிதத்தைக் கையில் கொடுத்தால் வாங்க மாட்டாள். நீ வாசி, நான் கேட்டுக்கிடுதேன் என்பாள். இரண்டு முறை கேட்டால் போதும், வரி பிசகாமல் வந்துவிடும். அக்கறை இல்லாததால்தான் காகிதத்தைத் தொடமாட்டேன் என்கிறாள் என்று எனக்குக் கோபம்.

சத்தங்கள் எல்லாம் அவள் கையிலிருந்து வந்தன. டப்பாவில் பட்டனைப் போட்டு மெதுவாக உருட்டினால் மழை. சீப்பின் பல்லில் துணியை இழுத்தால் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின். செம்போத்து, கிளி, மயில், குன்னத்தூர் பஸ், அது பிரேக் போடும் சத்தம், எல்லாம் வாயிலேயே. குழாயடிச் சண்டை போடும் இரண்டு பெண்களையும் அவளே செய்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு பீகார் அக்கா உண்மையிலேயே சண்டை என்று நினைத்துக் கைக்குழந்தையோடு ஓடி வந்து, இந்தியில் எங்களைச் சமாதானம் செய்தாள். சித்திக்கு இந்தி எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த அக்காவிடம் பேச மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

பிரச்சினை பதிவு செய்வதில்தான். காலை எட்டரைக்குக் கம்பெனியில் மெஷின் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டுத் தரையே அதிரும். அப்பா அம்மா வேலை முடிந்து வந்த பிறகு டிவி. நாளில் முழு அமைதி இரண்டே தடவைதான் வரும். காலை பதினொரு மணிக்கு டீ, சாயங்காலம் நாலு மணிக்கு டீ. மணி அடித்ததும் பன்னிரண்டு மெஷினும் நிற்கும், பத்து நிமிடத்தில் மறுபடி மணி அடிக்கும். துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டவைக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. முழு நாடகத்தையும் ஒரே மூச்சில், அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும்.

"பத்து நிமிசம் ஆவாது. எட்டு," என்றாள் சித்தி.

"பத்து நிமிசம் இருக்குல்லா?"

"டீ வாங்கிட்டு வந்து உக்கார ரெண்டு நிமிசம் வேண்டாமாட்டி?"

நாம் எங்கே டீ குடிக்கப் போகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் பிடித்த பிடியை விடவில்லை. நிறைமதியின் பாட்டு இரண்டு வரியாயிற்று. வரைபடம் ஒரே வரியில் முடிந்தது. குறைகளை ஆராயும் காட்சியை முழுசாகவே எடுத்துவிடலாம் என்றாள். நான் அழுத பிறகு ஒரு பெருமூச்சு மட்டும் வைக்க அனுமதி கிடைத்தது. மக்குமணியின் சைஸ் காட்சியில் மட்டும் ஒரு சொல்லைக்கூட வெட்ட விடவில்லை.

விடுமுறை முழுக்கப் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் காத்துக் கிடந்தோம். மெஷின் நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே, "இப்ப மணியடிப்பாவ, போன எடு" என்பாள். ஒரு நாள் பழைய பேப்பர்க்காரர் கெடுத்தார். ஒரு நாள் நடுவில் அப்பாவுக்கு யாரோ போன் பண்ணினார்கள். இரண்டு முறை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சித்திக்கே இருமல் வந்துவிட்டது. அந்த இரண்டு இருமலும் சைஸ் காட்சிக்குச் சற்று முன்னால் வந்தவை என்பதை நான் கவனிக்கவில்லை.

விடுமுறையின் கடைசி நாள், சாயங்கால டீ. அதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. எல்லாம் கச்சிதமாகப் போயிற்று. பாட்டு, கணக்கு, பறவை, பஸ். சைஸ் காட்சி வந்தது. சித்தி இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். ஒத்திகையில் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. ஓனரின் மச்சினன் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பது போலிருந்தது.

"ஏம்மா, லேபிள்ல எல்லுன்னு போட்டிருக்குதல்ல? அப்பறம் எதுக்கு எம்முல அடுக்குறே?"

மம்பட்டி வரிக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. சித்தி மக்குமணியின் குரலில், ரொம்பப் பணிவாக, வேறு ஒன்றைச் சொன்னாள்.

"லேபிளு எல்லுங்குது, சட்ட எம்முங்குது. நான் யாரு சொல்லுததக் கேக்கய்யா?"

"லேபிள் சொன்னா லேபிள்தான். தூக்கி எல்லுப் பொட்டில போடு. வெளங்குச்சா, வெளங்குச்சா?"

"பொட்டி திரும்பி வந்துட்டா?"

"வந்தா உன்ற தலதான்."

"அப்ப என் தலைக்கும் ஒரு லேபிளத் தச்சு வச்சிருங்கய்யா. மாறிரப் போவுது."

அடுத்து நிறைமதி வந்து விளக்க வேண்டும். நான் எப்படியோ என் வரியைச் சொன்னேன். முடித்தபோது எட்டு நிமிடத்துக்குச் சில நொடி குறைவாகவே இருந்தது. வெளியே மணி அடித்து மெஷின்கள் ஓடத் தொடங்கின.

சித்தியைத் திட்டித் தீர்த்தேன். என் நாடகம், என் வரி, யாரைக் கேட்டு மாற்றினாய் என்று கத்தினேன். உனக்கு மம்பட்டி என்கிற சொல்கூட நினைவில் நிற்காதா என்றேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவள் எல்லாவற்றுக்கும், மறந்துட்டுட்டி, மறந்துட்டு என்று மட்டும் சொன்னாள். நான் ஓய்ந்த பிறகு, என் தலையை வாரிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"எம்புட்டு நல்லா எழுதியிருக்கே. ஓனரய்யாட்ட காட்டுனா பாட்டுப் பெட்டில போடுவாவ. எல்லாரும் கேப்பாவ."

கம்பெனியில் காலையிலிருந்து ஸ்பீக்கரில் எஃப்.எம். ஓடிக்கொண்டே இருக்கும். என் குரல் அதில் வருவதை நினைத்துப் பார்த்தேன். கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்தக் காட்சியில் பேசுவது யாரைப் போல இருக்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் புகழ் வரப்போகிறது என்றால் மனிதருக்கு அதெல்லாம் தோன்றுவதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நாடகத்தை டீச்சர் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மத்தியானமே விட்டுவிட்டதால் நாலு மணிக்குப் போனோடு கம்பெனி வாசலில் போய் நின்றேன். ஓனர் அன்று இருந்தார். அவர் இருக்கும் நாள் எது என்பதை எனக்குச் சொன்னவளும் சித்திதான்.

"நம்மூட்டுப் புள்ள நாடகமெல்லாம் போடுதா? குடு சாமி, கேப்போம்," என்று வாங்கி அவரே ஸ்பீக்கரில் இணைத்தார்.

எல்லாரும் டீ வாங்கிக்கொண்டு துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். நிறைமதி பாடினாள். சிலர் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். குன்னத்தூர் பஸ் வந்தபோது சிரிப்பு கிளம்பியது. அப்புறம் ஸ்பீக்கரில் இரண்டு முறை செருமல் கேட்டது. பிறகு கம்பெனியே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். மச்சினன்கூட முதலில் சிரித்தார். "பொட்டி திரும்பி வந்துட்டா" என்ற இடத்தில் அவர் சிரிப்பு நின்றது. ஓனர் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் துண்ட மட்டும் மறுக்காப் போடு கண்ணு."

போட்டேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டீ நேரம் முடிந்து மணி அடித்தது. ஆனால் ஒரு மெஷினும் ஓடவில்லை. என் நாடகத்தின் சிறப்பினால் கம்பெனியே நின்றுவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஓனர் மூலைக்குப் போனார். திரும்பி வந்த நாலு பெட்டியும், தீபாவளி வேலை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மச்சினன் சொன்னதால் டேப் பிரிக்காமல் அங்கேயே கிடந்தன. ஒன்றைக் கிழித்து ஒரு டீ சர்ட்டை எடுத்தார். கழுத்தில் எல் என்று லேபிள் இருந்தது. மேசையில் இருந்த எம் சைஸ் சட்டை ஒன்றை விரித்து, அதன்மேல் இதை வைத்தார். தோளோடு தோள், ஓரத்தோடு ஓரம் சரியாகப் பொருந்தியது. வெட்டினது எம், தைத்தது எம். லேபிள் சுருள் மட்டும் மாறிப் போயிருந்தது. அதை எடுத்துக் கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, லேபிள் சுருள்கள் வைக்கும் அலமாரியின் சாவி ஒருவரிடம்தான் இருந்தது.

"உன்ற சித்தி ஊட்ல இருக்குதா? வரச் சொல்லு."

நான் ஓடினேன். சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள். தலை வாரி, வேலைக்குப் போகும் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, நூல் வெட்டுகிற டிரிம்மரைக் கையில் வைத்திருந்தாள். அவளுடைய வழக்கமான ஞாபக மறதி என்று நினைத்தேன். வேலையே இல்லாதவளுக்கு டிரிம்மர் எதற்கு?

ஓனர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, அன்னிக்கு நீ எதுல அடுக்குனே?"

"எம்முலங்கய்யா. கைக்கு எம்மாத்தான் இருந்துச்சு."

"எல்லுக்கு மாத்தச் சொன்னது ஆரு?"

மச்சினன் தொண்டையைச் செருமப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். சித்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நாடகத்துலயாங்கய்யா?" என்று கேட்டாள்.

ஓனர் அப்போதுதான் சிரித்தார். சிரித்து முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைல இருந்து வந்துரும்மா," என்றார். சித்தி தலையாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, முன்னால் கிடந்த சட்டையை எடுத்து நூல் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கு என்றுதானே சொன்னார், இதுகூட விளங்கவில்லையே என்று எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது.

மச்சினனை அதற்குப் பிறகு துணி எடுத்துவரும் வேனோடு அனுப்பிவிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. அவசரத்தில் தப்பான சுருளை எடுத்துவிட்டார், பிறகு சொல்லப் பயந்துவிட்டார். சித்தி அவரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது கேட்டால், "பாவம், அவருக்கு ஒரு குத்தமும் இல்ல, லேபிளத்தான் நம்பிட்டாவ" என்பாள். ஐப்பசியில் மாமா வரவில்லை. அம்மா போனில், அவதான் மறுபடி வேலைக்குப் போறாளே அண்ணே என்று சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. என்னை யாரும் திட்டவில்லை. சின்னப் பிள்ளை ஏதோ விளையாட்டாக எழுதியது, அதில் உண்மை தானாக வெளிவந்துவிட்டது என்று லைன் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதையே நம்பினேன்.

நாடகத்துக்கு மட்டும் பரிசு கிடைக்கவில்லை. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நிறைமதி பிரமாதம், எட்டு அறிவையும் எவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்கிறாய். ஆனால் நடுவில் அந்த மக்குமணி வருகிற இடம் கொஞ்சம் நீளம், அதை வெட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். நான் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து சித்தியிடம் சேர்த்தேன். உன்னால்தான் போயிற்று என்றேன். வேலை முடிந்து, தலைமுடியெல்லாம் பஞ்சோடு வந்திருந்தவள், உண்மையிலேயே வருத்தப்பட்டாள். அடுத்த வருசம் நான் வாயே தொறக்கலட்டி என்றாள்.

படிப்பை முடித்து நானும் இப்போது ஒரு பனியன் கம்பெனி ஆபீசில்தான் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் வாரம், பதினொரு மணி டீக்கு மணி அடித்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் நின்றது. எல்லாரும் எழுந்தார்கள், வரிசையில் நின்று டம்ளரை வாங்கினார்கள், திரும்பி வந்து தங்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மீதி எட்டு. கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் அழுததைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் சித்திக்குப் போன் பண்ணினேன். அவள் இப்போது பெரிய கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவுக்கே பொறுப்பு, கீழே நாற்பது பேர் இருக்கிறார்கள். நாடகத்தைப் பற்றிக் கேட்டேன். "எந்த நாடகம்? எனக்கு எங்கட்டி ஞாபகம் இருக்கு?" என்று சிரித்தாள்.

பரிசு போன அந்த நாளில் நடந்த ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. சித்தி வருத்தப்பட்டதைப் பார்த்து எனக்கு மனசு இளகிவிட்டது. பழைய நோட்டை எடுத்து, எட்டு அறிவுக் கட்டத்தைத் திறந்தேன். அவள் வரிசை காலியாகக் கிடந்தது. மழையும் பஸ்ஸும் மயிலும் நன்றாகத்தானே செய்தாள் என்று நினைத்து, உடல் அறிவு என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். கூப்பிட்டுக் காட்டினேன்.

"எனக்கா?" என்று குனிந்து பார்த்தாள். "மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் எல்லாருக்கும் வராது சித்தி."

"ஆமா, வராது," என்று ஒப்புக்கொண்டாள். நோட்டைக் கையில் வாங்கி அந்த ஒரு டிக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு இது போதும் என்று எனக்கும் தோன்றியது. அதற்கு அடுத்து, பிறரை அறியும் அறிவு என்று எழுதியிருந்த கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தேன்.